நீண்டகால விசாவில் வெளிநாட்டு வாழ்க்கை: தாய்லாந்து, மலேசியா, துபாய் – வரியில் எது யாருக்குப் பொருந்தும்?

ஓய்வுபெற்ற பிறகோ, லேப்டாப்பை வைத்துக்கொண்டு எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்ற நிலை வந்த பிறகோ, சில ஆண்டுகள் வெளிநாட்டில் வசிக்கலாம் என்று யோசிப்பவர்கள் இப்போது நிறையப் பேர். வாடகை, மருத்துவச் செலவு, நம்மூர்ச் சாப்பாடு கிடைக்குமா என்பதையெல்லாம் அலசி ஆராய்கிறார்கள். வரியை மட்டும் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். போன பிறகு மாற்ற முடியாத விஷயங்கள் அதில்தான் அதிகம். எந்த மாதம் கிளம்பினீர்கள், எந்தப் பணம் எந்தக் கணக்கில் கிடந்தது, அந்த ஆண்டில் எங்கே எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதையெல்லாம் பின்தேதியிட்டுத் திருத்த முடியாது.

இந்தியக் குடிமக்கள் அதிகம் விசாரிக்கும் மூன்று இடங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: தாய்லாந்து, மலேசியா, துபாய். வருமானத்தில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து பென்ஷன், வட்டி, வாடகை என்று வருபவர்களுக்காகவே முக்கியமாக எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வேலை பார்ப்பவர்களின் கணக்கு வேறு மாதிரி. அது பின்னால் வருகிறது.

விசா ஒரு துறை, வரி இன்னொரு துறை

ஐந்து வருட விசா, பத்து வருட விசா என்பதெல்லாம் குடிவரவுத் துறை தரும் அனுமதி. வரித்துறை விசாவின் பெயரைப் பார்ப்பதில்லை, நாட்களை எண்ணுகிறது. தாய்லாந்தில் ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் இருந்தால் நீங்கள் வரிக் குடியிருப்பாளர். மலேசியாவில் 182 நாள். துபாய் இருக்கும் அமீரகத்தில் 183 நாள். அங்கே குடியிருப்பு விசாவும் நிரந்தர வீடும் இருந்தால் 90 நாளே போதும். சுற்றுலாவாகப் போய்ப் போய் 180 நாள் சேர்ந்தாலும் தாய்லாந்து வரித்துறைக்கு நீங்கள் குடியிருப்பாளர்தான். அதேபோல, ஐந்து வருட விசா கையில் இருந்தும் ஆண்டுக்கு 100 நாள் மட்டும் தங்குபவர் குடியிருப்பாளர் ஆகமாட்டார்.

விசாவோடு வரிச்சலுகையும் சேர்ந்து வருவது அபூர்வம். தாய்லாந்தின் எல்டிஆர் (நீண்டகாலக் குடியிருப்பு) விசா அப்படி ஒன்று. அதே நாட்டில் பெரிய தொகை கட்டி வாங்கும் பிரிவிலெஜ் உறுப்பினர் அட்டைக்கு வரிச்சலுகை எதுவும் கிடையாது. ஏஜென்ட் அதைச் சொல்லாமல் விட்டால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து கிளம்பும் நாள்

மூன்று நாடுகளையும் ஒப்பிடுவதற்கு முன்னால் இந்தியப் பக்கத்தைச் சரிசெய்தாக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியருக்கு, அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குள் இருந்தால் என்ஆர்ஐ அந்தஸ்து கிடைக்கும். ஓய்வு வாழ்க்கைக்காகப் போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவருக்கு 60 நாள் கணக்கு: அந்த நிதியாண்டில் 60 நாளும், முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இந்தியாவில் இருந்திருந்தால் அந்த ஆண்டு முழுக்க இந்தியக் குடியிருப்பாளர்தான். ஆகஸ்டில் கிளம்பி பாங்காக்கில் வீடு பிடித்தவர், அடுத்த மார்ச் வரை உலகில் எங்கே வருமானம் வந்தாலும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளையும் ரிட்டர்னில் தனி அட்டவணையில் குறிப்பிட வேண்டும். அதை விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின்படி அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகும். அதனால் மார்ச் கடைசியில் கிளம்புவதுதான் சுத்தமான வழி.

என்ஆர்ஐ ஆன பிறகு ஊருக்கு வந்துபோவதற்கு 182 நாள் வரை இடம் உண்டு. இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் அது 120 நாளாகக் குறையும்.

இன்னொரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை என்று கொண்டாடினோமே, அது 87ஏ தள்ளுபடியால் வருவது. அந்தத் தள்ளுபடி இந்தியாவில் குடியிருப்பவருக்கு மட்டும்தான். ஆண்டுக்கு 12,75,000 ரூபாய் பென்ஷன் வாங்குபவர் சென்னையில் இருந்தால் நிலையான கழிவு 75,000 போக மீதி 12 லட்சத்துக்கு வரி பூஜ்யம். அதே பென்ஷனோடு அவர் என்ஆர்ஐ ஆகிவிட்டால் முதல் 4 லட்சம் போக, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், மேலே செஸ், மொத்தம் 62,400 ரூபாய். வாழ்க்கையில் வேறெதுவும் மாறாமல், வசிக்கும் ஊர் மாறியதற்கு மட்டும் இந்தியாவுக்கே கட்டும் தொகை இது. நடுத்தரப் பென்ஷன்காரர் எந்த நாட்டை ஒப்பிட்டாலும் இந்தத் தொகையை முதல் வரியில் எழுதிக்கொண்டு பிறகு ஒப்பிட வேண்டும்.

வங்கிக் கணக்கும் மாறும். சேமிப்புக் கணக்குகளை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) ஆக்க வேண்டும். என்ஆர்ஓ வட்டியில் செஸ்ஸோடு 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் கொடுக்கும் 15எச் படிவத்தைக் கொடுத்துத் தப்ப முடியாது. வசிக்கும் நாட்டிலிருந்து வரிக் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி, 10எஃப் படிவத்தோடு கொடுத்தால் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி இது குறையும்: தாய்லாந்து, மலேசியா என்றால் 10 சதவீதம், அமீரகம் என்றால் 12.5 சதவீதம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகச் சேரவும் முடியாது. போட வேண்டியதைக் கிளம்பும் முன் போட்டுவிடலாமா என்று ஆடிட்டரோடு பேசிவிடுங்கள்.

தாய்லாந்து: நுழைவது எளிது, பணம் கொண்டுவருவதில் கவனம்

50 வயது தாண்டியவருக்கு ஓய்வு விசா: தாய் வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். மூன்றில் குறைந்த செலவில் நுழையக்கூடிய நாடு இதுதான்.

வரியில் 2024-ல் பெரிய மாற்றம் வந்தது. அதற்கு முன்பு, வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை அதே ஆண்டில் தாய்லாந்துக்குக் கொண்டுவந்தால் மட்டும் வரி. டிசம்பர் 31 தாண்டிக் கொண்டுவந்தால் வரி இல்லை. எல்லோரும் ஓராண்டு தள்ளிக் கொண்டுவந்தார்கள். 2023 செப்டம்பரில் தாய் வருவாய்த்துறை ஒரு உத்தரவு போட்டு அந்த வழியை மூடியது. 2024 ஜனவரி 1 முதல், வரிக் குடியிருப்பாளராக இருக்கும்போது சம்பாதித்த வெளிநாட்டு வருமானம் எந்த ஆண்டில் உள்ளே வந்தாலும் வரிக்கு உரியது. 2023 நவம்பரில் வந்த இன்னொரு உத்தரவு ஒரு நல்ல காரியம் செய்தது: 2024-க்கு முன்னால் சம்பாதித்தது எப்போது வந்தாலும் வரி இல்லை.

ஓய்வு பெற்றவருக்கு இது பெரிய விஷயம். பணி ஓய்வில் கிடைத்த பணம், பழைய டெபாசிட், 2023 டிசம்பர் 31 அன்று கணக்கில் இருந்த எல்லாமே பாதுகாப்பு. ஆனால் நிரூபிக்க வேண்டும். பழைய பணத்தை ஒரு தனிக் கணக்கில் வைத்து, அந்தத் தேதியின் ஸ்டேட்மென்டை எடுத்து வைத்து, தாய்லாந்துச் செலவுக்கு அந்தக் கணக்கிலிருந்து மட்டும் அனுப்பினால் சில ஆண்டுகள் வரிப் பேச்சே இல்லாமல் ஓட்டிவிடலாம். அதே கணக்கில் மாதாமாதம் புது வட்டியும் வாடகையும் வந்து கலந்துவிட்டால் எது பழையது எது புதியது என்று பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

தாய்லாந்து வரி அப்படி என்ன பயங்கரம் என்று ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். ஒருவர் தனியார் நிறுவனப் பென்ஷனாக மாதம் 65,000 பாட், ஆண்டுக்கு 7,80,000 பாட் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். செலவுக் கழிவு 1,00,000, தனிநபர் கழிவு 60,000 போக 6,20,000. முதல் 1,50,000-க்கு வரி இல்லை, அடுத்த 1,50,000-க்கு 5 சதவீதம், அடுத்த 2,00,000-க்கு 10, மீதிக்கு 15. மொத்த வரி 45,500 பாட். வயது 65 ஆகியிருந்தால் இன்னும் 1,90,000 பாட் விலக்கு உண்டு. அப்போது வரி 20,500 பாட்தான். பயந்து ஓட வேண்டிய தொகை இல்லை இது. அதிகபட்ச வீதமான 35 சதவீதம் 50 லட்சம் பாட்டுக்கு மேல்தான் வருகிறது.

அதோடு, அதே வருமானத்துக்கு இந்தியாவில் கட்டிய வரியை ஒப்பந்தப்படி தாய் வரியில் கழித்துக்கொள்ளலாம். இந்தியாவில் டிடிஎஸ் பிடித்த என்ஆர்ஓ வட்டிக்கும், வரி கட்டிய வாடகைக்கும் தாய்லாந்தில் கூடுதலாகக் கட்ட வேண்டியது பெரும்பாலும் கொஞ்சமே. சிக்கல் எதில் என்றால், இந்தியாவில் வரியே இல்லாத வருமானத்தில். என்ஆர்இ டெபாசிட் (என்ஆர்ஐ வெளிநாட்டில் சம்பாதித்ததை இந்திய வங்கியில் போட்டுவைப்பது) வட்டி இந்தியாவில் வரி விலக்கு பெற்றது. இந்தியாவில் வரி கட்டாததால் தாய் வரியில் கழிக்க ஒன்றும் இல்லை. அதைத் தாய்லாந்துக்குக் கொண்டுவந்தால் முழுசாகத் தாய் வரி. வரியில்லா வட்டி என்று பெருமையாக வைத்திருந்த பணம்தான் அங்கே முதலில் மாட்டுகிறது. எனவே தாய்லாந்துக்கு அனுப்ப வேண்டிய வரிசை இதுதான்: முதலில் 2024-க்கு முந்தைய சேமிப்பு, அடுத்து இந்தியாவில் வரி கட்டிய வருமானம். என்ஆர்இ வட்டி இந்தியாவிலேயே இருக்கட்டும்.

180 நாளைத் தொடாமல் இருப்பதும் ஒரு வழி. எண்ணுவது காலண்டர் ஆண்டு என்பதால் அக்டோபர் தொடக்கத்தில் போய் மார்ச் கடைசியில் திரும்பினால், ஆறு மாதம் தங்கியும் அந்த ஒரு பயணத்துக்கு இரண்டு ஆண்டிலும் சுமார் தொண்ணூறு நாள்தான் ஆகிறது. ஆண்டுதோறும் இப்படிப் போனால் மட்டும் ஒரே காலண்டர் ஆண்டில் இரண்டு பயணத்தின் நாட்களும் சேர்ந்து 180-ஐத் தாண்டிவிடும், அப்போது சில நாள் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் வெயில் தொடங்கும்போது திரும்புவது சரியா என்பது அவரவர் விருப்பம்! ஆனால் இப்படி வாழ்பவர் பெரும்பாலும் இந்தியக் குடியிருப்பாளராகவே இருப்பார். நடுத்தரப் பென்ஷன்காரருக்கு அது நல்லதே, 87ஏ தள்ளுபடி கையைவிட்டுப் போகாது.

எல்டிஆர் விசாவின் வசதியான ஓய்வூதியர் பிரிவுக்கு ஆண்டு வருமானம் 80,000 டாலர் வேண்டும். 40,000 முதல் 80,000 வரை என்றால் கூடவே தாய்லாந்தில் 2,50,000 டாலர் முதலீடு. கிடைத்தால் பத்து ஆண்டு விசா, வெளிநாட்டு வருமானத்துக்கு வரி விலக்கு. அந்த வருமானம் உள்ளவர் வேறெதையும் யோசிக்கத் தேவையில்லை.

மலேசியா: வரியில் இளகிய நாடு, வாசலில் கனத்த கட்டணம்

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ தமிழ் பேசி, இட்லி சாப்பிட்டு, கோயிலுக்குப் போய் வாழலாம் என்பது நம்மவர்களுக்கு இருக்கும் உண்மையான ஈர்ப்பு. வரியும் அதற்கு ஒத்துழைக்கிறது. தனிநபர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு மலேசியா 2022 முதல் விலக்கு தந்து வருகிறது. 2026 வரை என்று இருந்ததை 2036 டிசம்பர் 31 வரை நீட்டித்துவிட்டார்கள். உள்ளூர் வங்கி டெபாசிட் வட்டிக்கும் தனிநபருக்கு வரி இல்லை.

விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த வருமானம் கிடைத்த நாட்டில் வரிக்கு உட்பட்டிருக்க வேண்டும். பென்ஷன், என்ஆர்ஓ வட்டி, வாடகை எல்லாம் இந்தியாவில் வரிக்கு உட்பட்டவை, கவலை இல்லை. என்ஆர்இ வட்டி மறுபடியும் கேள்விக்குறி ஆகிறது. மலேசியாவில் ஆலோசகரைப் பார்க்கும்போது முதல் கேள்வியாக இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தடை வரியில் இல்லை, எம்எம்2ஹெச் (‘மலேசியா மை செகண்ட் ஹோம்’) எனும் நீண்டகால விசாவின் விலையில் இருக்கிறது. 2024 விதிகளின்படி சில்வர் பிரிவுக்கே 1,50,000 டாலர் டெபாசிட் போட்டு, குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்க வேண்டும். கோல்டு பிரிவுக்கு 5 லட்சம் டாலர், பிளாட்டினத்துக்கு 10 லட்சம். ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டி போன்ற சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 50 வயது தாண்டியவருக்கு 32,000 டாலர் டெபாசிட்டில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கேயே வீடு வாங்க வேண்டும். பினாங்கு வாழ்க்கைக்கு ஆசைப்பட்டவருக்கு ஃபாரஸ்ட் சிட்டி மாற்று ஆகாது என்பது என் கருத்து.

இவ்வளவு பணத்தை வெளியே எடுப்பதிலும் வரிக் கோணம் உண்டு. குடியிருப்பாளராக இருக்கும்போது அனுப்பினால் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு, 10 லட்சம் ரூபாய்க்கு மேல் 20 சதவீதம் டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி). அந்த டிசிஎஸ் ரிட்டர்னில் திரும்பக் கிடைக்கும், ஆனால் மாதக்கணக்கில் முடங்கும். என்ஆர்ஐ ஆன பிறகு என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம், டிசிஎஸ் கிடையாது, 15சிஏ, 15சிபி படிவங்கள் போதும். நேரம் இருப்பவருக்கு இரண்டாவது வழி நல்லது.

துபாய்: பூஜ்யம் யாருடைய வருமானத்துக்கு?

அமீரகத்தில் தனிநபர் வருமான வரியே இல்லை. அது உண்மை. ஆனால் இந்தியாவிலிருந்து வரும் அரசுப் பென்ஷனுக்கும் வாடகைக்கும் இந்தியா தன் வரியை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை அனுப்பும். நீங்கள் துபாயில் இருப்பதால் அது குறையாது. வட்டிக்கும் 12.5 சதவீதம் இந்தியாவுக்கு உண்டு. துபாயின் பூஜ்யம் பயன்படுவது இந்தியாவுக்கு வெளியே வரும் வருமானத்துக்கு. கூடவே என்ஆர்இ வட்டிக்கு: இந்தியாவிலும் வரி இல்லை, துபாயிலும் இல்லை. வளைகுடாவில் இருபது வருடம் உழைத்து என்ஆர்இ கணக்கில் பெரும் தொகை சேர்த்தவருக்கு மூன்றிலும் இதுதான் பொருத்தம்.

ஓய்வு விசாவுக்கு 55 வயதும், 10 லட்சம் திர்ஹாம் சேமிப்போ அதே மதிப்புக்குச் சொத்தோ, இல்லையென்றால் போதுமான மாத வருமானமோ வேண்டும். வருமான வரியில் மிஞ்சுவதை வீட்டு வாடகை விழுங்கிவிடும் ஊர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் உள்ளவர் இன்னொரு விதியையும் அறிந்திருக்க வேண்டும். வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனை, ஒருநாள்கூட இந்தியாவில் தங்காவிட்டாலும், இந்தியா தன் குடியிருப்பாளராகக் கருதலாம். பயப்படும்படி எழுதியிருந்தாலும் விளைவு சின்னது: அவருக்கு ‘சாதாரணக் குடியிருப்பாளர் அல்லாதவர்’ என்ற அந்தஸ்துதான் வரும். இந்தியாவிலிருந்து நடத்தும் தொழில் தவிர வேறு வெளிநாட்டு வருமானத்துக்கு வரி வராது.

மூன்று நாட்டுக்கும் பொதுவாக ஒன்று. அரசுப் பென்ஷனைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் கொடுக்கும் நாட்டின் வரிக்கே விட்டுவிடுகின்றன. தனியார் பென்ஷனுக்கும் ஆன்யுட்டிக்கும் (முன்பே கட்டிய தொகைக்குத் தவணையாக வரும் பணம்) தனிப் பிரிவு இருக்கும், சில ஒப்பந்தங்கள் அதை வசிக்கும் நாட்டுக்குத் தருகின்றன. உங்கள் பென்ஷன் எந்த வகை என்று பார்த்து அந்தப் பிரிவை ஆடிட்டரோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் பொருந்தாது. அமெரிக்கா குடிமகனை எங்கே இருந்தாலும் வரிக்குள் வைத்திருக்கும்.

ஆன்லைனில் வேலை பார்ப்பவர்கள்

இவர்களிடையே பரவியிருக்கும் ஒரு நம்பிக்கை ஆபத்தானது: சம்பளம் இந்திய, அமெரிக்கக் கணக்கில்தானே விழுகிறது, அது வெளிநாட்டு வருமானம், இங்கே கொண்டுவராவிட்டால் வரி இல்லை என்பது. வேலை எங்கே உட்கார்ந்து செய்கிறீர்களோ அங்கே விளைந்த வருமானம் அது. தாய்லாந்துச் சட்டமும் மலேசியச் சட்டமும் இரண்டுமே அப்படித்தான் பார்க்கின்றன, பணம் எங்கே தரப்பட்டாலும் சரி. தாய்லாந்தின் ஐந்து வருட டிடிவி விசா 5 லட்சம் பாட் சேமிப்புக் காட்டினால் கிடைக்கிறது, ஒவ்வொரு முறையும் 180 நாள் தங்கலாம். ஆனால் வரி விலக்கு எதுவும் அதில் இல்லை. வெளிநாட்டு முதலாளியிடம் சம்பளம் வாங்குபவருக்கு ஒப்பந்தங்களில் உள்ள 183 நாள் விலக்குதான் துணை. அதைத் தாண்டித் தங்கினால் ரிட்டர்ன் போட வேண்டியவர் ஆகிறார்.

மலேசியாவில் இன்னும் கவனம் தேவை. 182 நாள் நிரம்பாத ஆண்டில், அங்கே செய்த வேலைக்கு வரி 30 சதவீதம் சமவீதம். அடுத்த ஆண்டுத் தங்கலோடு இணையும்போது மட்டும் விதிவிலக்கு உண்டு. குறைவாகத் தங்கினால் குறைவான வரி என்ற கணக்கு இங்கே தலைகீழ். ஆன்லைனில் வேலை பார்ப்பவருக்கு என் தேர்வு துபாய்தான். மாதம் 3,500 டாலர் வருமானம் காட்டினால் ஓராண்டு ரிமோட் விசா, சம்பளத்துக்கு வரி இல்லை. சொந்தமாக ஃப்ரீலான்ஸ் செய்பவருக்கு ஆண்டு வரவு 10 லட்சம் திர்ஹாமைத் தாண்டினால் 9 சதவீத நிறுவன வரி வரும், அதற்குக் கீழே இல்லை.

யாருக்கு எது

12 லட்சம் அளவில் பென்ஷன், வேறு பெரிய சேமிப்பு இல்லை என்றால் வரிக்காக எங்கேயும் போக வேண்டாம். தாய்லாந்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இந்தியக் குடியிருப்பாளராகவே இருங்கள். 2024-க்கு முந்தைய நல்ல சேமிப்பு கையில் இருந்து, முழு ஆண்டும் வெளியே வசிக்க விரும்பினால் தாய்லாந்து, கணக்குகளைப் பிரித்து வைத்துக்கொண்டு. இந்தியாவில் வரி கட்டும் பெரிய வாடகையும் வட்டியும், வீடு வாங்கும் அளவு பணமும் இருந்தால் மலேசியா. என்ஆர்இ வட்டியோ இந்தியாவுக்கு வெளியே வருமானமோ பெரிது என்றால் துபாய்.

எங்கே போனாலும் முதல் ஆண்டிலேயே அந்த நாட்டில் வரி எண் வாங்கி ரிட்டர்ன் போட்டுவிடுங்கள், தாய்லாந்துக்கு மார்ச் 31, மலேசியாவில் சம்பளம், பென்ஷன்காரருக்கு ஏப்ரல் 30. கட்ட வேண்டிய வரி பூஜ்யமாக இருந்தாலும் அந்த ரிட்டர்ன்தான் குடியிருப்புச் சான்றிதழுக்கு அடிப்படை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்திய வங்கி 31.2 சதவீதத்தைக் குறைக்காது. துபாயில் ரிட்டர்ன் இல்லை என்பதால் வாடகை ஒப்பந்தம், விசா, நாட்டில் இருந்த நாட்களின் பதிவு ஆகியவற்றைக் கொடுத்து வரி ஆணையத்திடம் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டுக்கும் புதிதாக.